பழைய தரையைக் கிளப்பும் முன்னர்

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கண்டி மாவட்டத்தில் வெள்ளத்தையும் மண்சரிவையும் ஏற்படுத்திச் சென்ற பின்னர், காணியையும் வீட்டையும் இழந்த குடும்பங்கள் பல கிடைத்த கட்டடங்களில் தங்க வேண்டியதாயிற்று. கெலிஓயாவில் நாம் சென்று பார்த்த அத்தகைய பழைய கட்டடமொன்றில், சேற்றை வழித்தெடுத்த பின் தரையில் ஒட்டியிருந்த வினைல் டைல்கள் ஓரம் கிளம்பி நின்றன.

“பிள்ளைகளின் காலைக் கிழிக்குது சுவாமி, உடைச்சு எடுத்திட்டு சீமெந்து பூசிடுவோம்” என்றார் ஒரு தகப்பன். கையில் உளியும் சுத்தியலும். இன்னொருவர் கிரைண்டர் இரவல் வாங்கி வந்திருந்தார். சற்றுப் பொறுங்கள் என்றோம்.

ஏறத்தாழ 1980கள் வரை பல நாடுகளில் செய்யப்பட்ட இவ்வகை டைல்களில் உறுதிக்காக அஸ்பெஸ்டஸ் எனும் கல்நார் சேர்க்கப்பட்டது. 9 அங்குலச் சதுரமும் அடியில் கறுப்புத் தார்ப் பசையும் இருந்தால் சந்தேகிக்க வேண்டும்; பசையிலும் கல்நார் இருக்கலாம். கண்ணால் பார்த்து நிச்சயிக்க முடியாது, ஆய்வுகூடமே சொல்லும். அதற்கு வழியில்லாதபோது, இருப்பதாகவே கொள்வது புத்தி.

உடையாத டைலில் நார் கட்டுண்டு கிடக்கும். உடைத்தால், தேய்த்தால், காய்ந்தபடி கூட்டினால் தூசாகி நெஞ்சுக்குள் போகும். நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் வரும் மீசோதீலியோமாவும் 20 முதல் 50 வருடங்கள் கழித்தே தலைகாட்டலாம். இன்று இருமவில்லை என்பது எதற்கும் சாட்சியன்று.

ஆகவே, கிளம்பாத டைலைத் தொடாதீர்கள். தரை நன்கு காய்ந்ததும் அதன்மேல் விரிப்பைப் போட்டு மூடுவதே சிறந்தது. கிளம்பியதை எடுத்தே ஆகவேண்டுமெனில், பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். சவர்க்கார நீரைத் தெளித்து ஊறவிட்டு, தட்டையான சுரண்டியை அடியில் செலுத்தி முழு டைலாக நெம்புங்கள். வேலை முடியும்வரை ஈரம் காயக்கூடாது. கைக்குட்டையோ துணி முகக்கவசமோ இந்நாரைத் தடுக்காது. நுண்தூசு வடிகட்டும் கவசம் தேவை. ஒட்டியிருக்கும் பசையைத் தேய்க்காமல் மேலே பூசி மூடிவிடலாம். பெற்றோல் ஊற்றிக் கரைப்பது தீயை அழைப்பதாகும். எடுத்தவற்றை ஈரமாகவே இரட்டைப் பொலித்தீனில் கட்டுங்கள். எரிக்கவோ ஆற்றில் கொட்டவோ வேண்டாம்; பிரதேச சபையிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேளுங்கள். உடுத்த துணியை உதறாமல் தனியே கழுவுங்கள்.

கூரைச் சீற்றுக்கும் இது பொருந்தும். இலங்கை 1987இல் நீலக் கல்நாரைத் தடை செய்தது. வெள்ளைக் கல்நாரையும் 2018 முதல் படிப்படியாக நிறுத்தத் திட்டமிருந்தது. 2017 டிசம்பரில், கல்நார் விற்கும் ரஷ்யா பூச்சியொன்றைக் காரணம் காட்டி எமது தேயிலையை நிறுத்தியதும் அத்திட்டம் தளர்ந்தது. கொழுந்து பறித்தவர்களின் கூரையில்தான் அந்தச் சீற் இருக்கிறது என்பதை யார் நினைத்தார்களோ!

பிறர் கட்டடத்தில் நாட்கூலிக்குத் தரை உடைக்க அழைக்கப்படுவோர், அது என்ன டைல் என்று முதலில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அன்று கெலிஓயாவில் கிரைண்டர் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஓர் அறையின் டைல்களை மட்டும் நனைத்து எடுத்தோம். மற்றவை விரிப்பின் கீழ் அப்படியே இருக்கின்றன.