எத்தனை அடி தூரத்தில் வாழ்கிறீர்கள்?

நாற்பதுக்குப் பிறகு – 9

‘புரோகிரசிவ் போட்டுப் பார்த்தேன், எனக்கு ஒத்து வரலை’ என்பவர் ஒருவராவது எல்லோர் வீட்டிலும் இருப்பார். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கண்ணாடி பீரோவில் தூங்கும். அவரோ படிக்க ஒன்று, வெளியே போக ஒன்று என்று பழையபடி இரண்டைச் சுமந்துகொண்டு திரிவார். கடையில் கேட்டால், ‘பழகப் பழகச் சரியாயிடும் சார்’ என்பார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. மீதியைத் தூரக் கணக்கில்தான் தேட வேண்டும்.

வெள்ளெழுத்து ஏன் வருகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகுகிறது. கிட்டத்தில் பார்க்க வேண்டிய நேரத்தில் அது புடைத்துக் கொடுப்பதில்லை. பத்து வயதில் ஏறத்தாழ 14 டயாப்டர் வரை பவரைக் கூட்டிக்கொள்ள முடிந்த கண்ணுக்கு, 50 வயதில் 2 டயாப்டர் மிஞ்சினாலே பெரிது. அந்த 2 டயாப்டரை முழுக்கச் செலவழித்தாலும் அரை மீட்டருக்கு இந்தப் பக்கம் தெளிவாகத் தெரியாது. செய்தித்தாளை நாம் பிடிப்பதோ 40 சென்டிமீட்டரில். இந்தப் பற்றாக்குறையைச் சரிக்கட்டத்தான், தூரப் பார்வைக்கான பவரோடு சேர்த்து ‘ஆட்’ என்று ஒன்றைச் சீட்டில் எழுதுகிறார்கள்: +1.00, +1.50, +2.00 என்று வயதோடு அது ஏறிக்கொண்டே போகும்.

இந்தத் தூரக் கணக்கைத் தன் சாப்பாட்டு மேசையிலேயே போட்டுப் பார்த்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். அமெரிக்காவின் தூதராகப் பாரிஸை ஒட்டிய பாஸியில் இருந்தபோது, 1785 மே மாதம் லண்டன் நண்பர் ஜார்ஜ் வாட்லிக்கு எழுதிய கடிதத்தில் தன் இரட்டைக் கண்ணாடியைப் பற்றிச் சொல்கிறார். இரண்டு வகை வில்லைகளையும் பாதியாக வெட்டி, ஒரே வளையத்துக்குள் மேலும் கீழுமாகப் பொருத்தச் சொன்னாராம். தட்டில் இருப்பதும் தெரிய வேண்டும், எதிர்வரிசையில் பேசுகிறவர் முகமும் தெரிய வேண்டும். முகம் அசைவதைப் பார்க்க முடிந்ததால் பிரெஞ்சுகூட நன்றாகப் புரிந்தது என்கிறார். அவருக்குத் தேவைப்பட்ட தூரம் இரண்டு. கண்ணாடியிலும் இரண்டே வைத்தார்.

நம் ஊர்க் கடைகளில் கிரிப்டாக், டி பைஃபோகல் என்று விற்பதெல்லாம் அந்த வழியில் வந்தவைதான். கீழே கோடு தெரியும், விலை குறைவு, படிக்கும் இடம் அகலம். ஆனால் ஆட் கூடக் கூட நடுவில் ஒரு பள்ளம் விழும். கம்ப்யூட்டர் திரை, சமையல் மேடை, கல்லாப்பெட்டி எல்லாம் இரண்டடி தூரத்தில் இருப்பவை. அவை மேல்பாதியிலும் சேராது, கீழ்ப்பாதியிலும் சேராது.

அந்தப் பள்ளத்தை நிரப்ப வந்ததுதான் புரோகிரசிவ். பிரான்சில் பெர்னார் மெத்னாஸ் என்ற பொறியாளர் உருவாக்கிய ‘வேரிலக்ஸ்’ 1959-ல் விற்பனைக்கு வந்தது. கோடு கிடையாது. மேலே தூரம், கீழே கிட்டம், நடுவில் பவர் படிப்படியாக ஏறும் ஒரு குறுகலான பாதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வழவழப்புக்கு ஒரு விலை உண்டு. மின்க்விட்ஸ் என்ற ஜெர்மானியர் 1963-ல் அதைக் கணக்காகவே எழுதிவிட்டார். நடுப்பாதையில் பவர் எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் பக்கவாட்டில் பிம்பம் சிதறும் என்பது அவர் கண்ட முடிவு.

எண்ணை வைத்துப் பார்த்தால் விளங்கும். +2.00 ஆட் 14 மில்லிமீட்டர் உயரத்துக்குள் ஏற வேண்டும் என்று வையுங்கள். நடுக்கோட்டிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் விலகுவதற்குள் அரை டயாப்டர் சிதறல் சேர்ந்துவிடும். நடுப்பாதையில் நல்ல தெளிவு கிடைக்கும் அகலம், இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர்தான். விலை உயர்ந்த லென்ஸில் இந்த மங்கலை ஓரத்துக்குத் தள்ளியிருப்பார்கள், அல்லது மெல்லப் பரப்பி உறுத்தாமல் செய்திருப்பார்கள். அடியோடு ஒழிக்க யாராலும் முடியாது. குட்டைப் போர்வையைத் தலைக்கு இழுத்தால் கால் வெளியே வரத்தானே செய்யும்? ஆக, ‘எது உயர்ந்த லென்ஸ்?’ என்று கேட்பதைவிட, ‘என் வேலைக்கு மங்கல் எந்தப் பக்கம் இருந்தால் பரவாயில்லை?’ என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

மதுரையில் ஒரு கண்ணாடிக் கடையில் இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்ட ஒரு பெண்ணைப் பார்த்தேன். வந்தவர் ஐம்பதைத் தாண்டிய தையல்காரர்.

“மிஷின்ல உக்காந்த மாதிரி உக்காருங்கண்ணே. ஊசி எங்க இருக்கும், கையக் காட்டுங்க.”

அவர் குனிந்து இரண்டு கையையும் வைத்தார். அந்தப் பெண் டேப்பை எடுத்துக் கண்ணிலிருந்து விரல் வரை அளந்தார். ஒன்றரை அடி. துணி வெட்டும் மேசை இரண்டேகால் அடி. அளவு கொடுக்க வருகிறவர் மூன்றடி.

“தூரத்துல பாக்குற வேலை என்னண்ணே இருக்கு, கடையில?”

“என்னம்மா இருக்கு... எதிர்த்த டீக்கடைப் பையனக் கூப்பிடணும். அவ்வளவுதான்.”

அவருக்கு முழு புரோகிரசிவை அந்தப் பெண் தலையில் கட்டவில்லை. ‘ஆபீஸ் லென்ஸ்’ என்று ஒரு வகை உண்டு. தூரத்தை விட்டுக்கொடுத்து, கைக்கெட்டும் தூரத்தையும் அதைத் தாண்டி ஓரிரு அடியையும் அகலமாகக் காட்டும். கடைக்கு அது, ரோட்டுக்கு வேறு ஒன்று என்று முடிவாயிற்று. இரண்டு கண்ணாடி வைத்துக்கொள்வது தோல்வி ஆகாது. பல தொழில்களுக்கு அதுதான் சரியான விடை. மருந்துக் கடையில் மேல் அடுக்கை அண்ணாந்து பார்த்துப் பெயர் படிப்பவருக்குக் கீழே இருக்கும் ஆட் எதற்கு உதவும்?

அடுத்து ஃபிரேமும் அளவும். நடுப்பாதைக்கும் படிக்கும் பகுதிக்கும் உயரம் வேண்டும். ஒடுங்கிய ஃபிரேமை அழகுக்காக எடுத்தால், படிக்கும் பகுதியைப் பாதியோடு வெட்டி எறிந்துவிடுவார்கள். ஃபிரேமை முகத்தில் மாட்டி, மூக்கில் சரியாக உட்கார வைத்த பிறகு, அளப்பவர் உங்கள் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, இரண்டு கண்பாப்பாவின் இடத்தையும் கண்ணாடியின் மேல் தனித்தனியே பேனாவால் புள்ளி வைத்துக் குறிக்க வேண்டும். நின்றபடி ஸ்கேலை நீட்டி ஒரே அளவாக எடுத்தால் சந்தேகப்படுங்கள்.

லென்ஸ் தயாராகி வரும்போது அதன்மேல் மையால் கூட்டல் குறியும் வட்டங்களும் போட்டிருக்கும். கடையில் அதைத் துடைத்துப் பளபளவென்று கொடுப்பார்கள். ‘துடைக்காமல் ஒரு தடவை மாட்டிப் பார்க்கிறேன்’ என்று கேளுங்கள். நேராகப் பார்க்கும்போது அந்தக் கூட்டல் குறி பாப்பாவுக்கு நேர் எதிரே நிற்க வேண்டும். கீழே இறங்கியிருந்தால் படிக்கும்போது மோவாயைத் தூக்க வேண்டியிருக்கும், கழுத்து வலிக்கும். மேலே ஏறியிருந்தால் எதிரே வருகிற பஸ்ஸின் போர்டு மங்கும். மையைத் துடைத்த பிறகும் அடையாளம் அழியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் 34 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு பொடி வட்டங்கள் செதுக்கியிருப்பது தெரியும். காதுப் பக்க வட்டத்தின் கீழே உங்கள் ஆட் எண் இருக்கும். சீட்டோடு ஒத்துப்பார்த்துக்கொள்ளலாம்.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் ‘பழகிக்கொள்ளுங்கள்’ என்பதற்கு அர்த்தம் உண்டு. முதல் சில நாட்கள் தலையைத் திருப்பினால் தரை நெளியும், கதவு நிலை வளையும். வீட்டுக்குள் உட்கார்ந்தபடி தொடங்குங்கள், முதல் நாளே பைக் எடுக்காதீர்கள். பழைய கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டால் மூளை குழம்பும். எதைப் பார்க்க வேண்டுமோ அதை நோக்கி மூக்கைத் திருப்புங்கள். ஓரக்கண் பார்வை இனி உதவாது. பைக் கண்ணாடியைப் பார்ப்பதற்கும் தலையைத் திருப்பியே ஆக வேண்டும். படுத்துக்கொண்டு டி.வி. பார்த்தால் கண் கீழ்ப்பகுதி வழியாகப் போய்விடும், படம் மங்கும். அது கண்ணாடியின் குற்றமல்ல. பெரும்பாலோருக்கு ஓரிரு வாரத்தில் பழகிவிடும். அதற்கு மேலும் தலைசுற்றினால் பொறுத்துப் போகாமல் கடைக்குத் திரும்புங்கள். முதலில் உயரத்தையும் பாப்பா அளவையும் ஃபிரேம் சாய்வையும் பார்க்கச் சொல்லுங்கள், பவரைப் பிறகு பார்க்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை: ரத்தச் சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணின் பவரும் மாறும். சர்க்கரை நிலைக்கு வந்த பிறகு அளவெடுங்கள்.

கடைசியாக, படிக்கட்டு. நின்றபடி பார்த்தால் அடுத்த படி உங்கள் கண்ணிலிருந்து ஏறத்தாழ ஐந்தடி தூரத்தில் இருக்கிறது. ஆனால் கண்ணைத் தாழ்த்தினால் அது, 40 சென்டிமீட்டருக்கென்று வைத்த கீழ்ப்பகுதி வழியாகத் தெரியும். படியின் விளிம்பு கரைந்துபோகும். இறங்கும்போது மோவாயை நெஞ்சுக்குத் தாழ்த்தி மேல்பகுதி வழியாகப் பாருங்கள், கைப்பிடியை விடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட கண்ணாடி போடும் 606 முதியவர்களை வைத்து நடந்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. அவர்களில் ஒரு பாதிக்கு, வெளியே நடக்கும்போது போட்டுக்கொள்ளத் தூரப் பார்வைக் கண்ணாடி தனியாகக் கொடுத்தார்கள். அடிக்கடி வெளியே நடமாடுகிறவர்களிடம் விழுவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. அதிகம் வெளியே போகாதவர்களிடமோ, வெளியில் விழுவது கூடியது. ஆகவே தினமும் வாக்கிங், கோயில், கடைத்தெரு என்று போகிற அப்பாவுக்கு அப்படி ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். வீட்டோடு இருக்கும் பாட்டியின் பழகிய கண்ணாடியில் கை வைக்காதீர்கள்.

கடைக்குப் போகும் முன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள்: காலையிலிருந்து ராத்திரி வரை எதை, எத்தனை அடி தூரத்தில், எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள்? அந்தச் சீட்டைப் பத்திரமாகவும் வையுங்கள். கண்புரை அறுவைக்குப் போனால் இதே கேள்வி இன்னும் கறாராக வரும். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸிலும் பல தூரங்களுக்கான மல்டிஃபோகல் உண்டு. ஆனால், பிடிக்கவில்லை என்று கழற்றிப் பீரோவில் வைக்க அது மூக்குக் கண்ணாடி அல்லவே. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)