டேப்லெட் பேனா எழுதவில்லையா? பணம் கட்டும் முன் படியுங்கள்

பேனாவை எவ்வளவு அழுத்தினாலும் கோடு ஒரே தடிமனில் வருகிறது. இல்லையென்றால் திரையில் அம்புக்குறி நகர்வதே இல்லை. காஞ்சிபுரத்தின் செவிலிமேட்டிலும் பிள்ளையார்பாளையத்திலும் பட்டுச்சேலைக்கு டிசைன் போட்டுப் பிழைப்பவருக்கு இது அன்றைய வருமானம் போகிற விஷயம். கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி, ஜக்கார்டு அட்டை குத்தக் கொடுத்த வேலை கணினிக்கு வந்துவிட்டது. யாளியும் மயிலும் மல்லிமொக்கும் இப்போது திரையிலும் உருவாகின்றன.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினியை வைத்திருப்பவருக்கு லினக்ஸ் நல்ல மாற்று, காசும் கேட்காது. அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் பாஸ் லினக்ஸைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது புதிதும் அல்ல. லினக்ஸில் டேப்லெட் முரண்டு பிடித்தால், ‘கருவி போச்சு’ என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.

முதலில் கேபிளைப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் தகவல் போகாது. ஹப் எதுவும் வேண்டாம், கணினியின் யுஎஸ்பி போர்ட்டிலேயே நேராகச் செருகுங்கள். பிறகு டெர்மினலைத் திறந்து ‘எல்எஸ்யுஎஸ்பி’ கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் அடியுங்கள். வரும் பட்டியலில் டேப்லெட் இருந்தால் கோளாறு பெரும்பாலும் மென்பொருளில்தான். வேறு கேபிள், வேறு கணினி என்று மாற்றிப் பார்த்தும் பட்டியலில் வரவில்லை என்றால் கருவியைச் சந்தேகிக்கலாம். எது வந்தாலும் திரையைப் படம் எடுத்து வையுங்கள். கடைக்காரரிடம் பேசும்போது அது உதவும்.

வாக்கம் டேப்லெட்டுகளுக்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஹூயான், எக்ஸ்பி-பென் மாடல்கள் பலவற்றுக்கு டிஜிமெண்ட் என்ற திட்டத்தில் உருவான டிரைவரும் கெர்னலில் சேர்ந்திருக்கிறது. அந்த நிறுவனங்களே தனியாக லினக்ஸ் டிரைவர் தருகின்றன. ஓபன்டேப்லெட்டிரைவர் என்ற இலவச மென்பொருளும் உண்டு. குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. ஒன்று சரிவரவில்லை என்று அதை நீக்காமலே இன்னொன்றை நிறுவினால், இரண்டும் ஒரே கருவிக்குப் போட்டி போடும். அழுத்தம் பதிவாகாது, அம்புக்குறி தாறுமாறாகத் துள்ளும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை முழுவதும் நீக்கி, கணினியை அணைத்துப் போடுங்கள்.

நிறுவியும் டிரைவர் ஏறவில்லையா? செக்யூர் பூட் காரணமாக இருக்கலாம். கையொப்பமில்லாத கெர்னல் மாட்யூலை அது உள்ளே விடாது. அந்தப் பாதுகாப்பையே அணைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். மாட்யூலுக்குரிய சாவியைக் கணினியில் பதிவு செய்யும் வழி இருக்கிறது. ஒரே கணினியில் விண்டோஸும் அதன் வட்டுப் பூட்டான பிட்லாக்கரும் இருந்தால், செக்யூர் பூட்டைத் தொட்டவுடன் மீட்புச் சாவி கேட்டு விண்டோஸ் நின்றுவிடக்கூடும். டிசைன் கோப்புகளை முதலில் வெளி டிரைவில் நகலெடுத்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும்.

லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸ்11 காலத்துக் கட்டளைகள், புதிய திரை அமைப்பான வேலாண்டில் செல்லாது. அங்கே டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸ் பக்கத்திலேயே டேப்லெட் பகுதியைத் தேடுங்கள். அழுத்தம் வருகிறதா என்று பார்க்க கிருதா என்ற ஓவிய மென்பொருளுக்குள்ளேயே சோதனைப் பலகை இருக்கிறது.

டிரைவர் கோளாறைவிடப் பெரிய ஆபத்து ஆள் வடிவில் வருகிறது. இணையத்தில் ‘கஸ்டமர் கேர்’ என்று தேடிக் கிடைக்கும் எண் நிறுவனத்துடையதாகத்தான் இருக்கும் என்று நம்பாதீர்கள். கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்பவர், ஓடிபி கேட்பவர், தெரியாத இடத்துக் கோப்பை நிர்வாகி கடவுச்சொல் கொடுத்து ஓட்டச் சொல்பவர் யாராக இருந்தாலும் அழைப்பைத் துண்டியுங்கள். வங்கிக் கணக்கோடு, இன்னும் தறி ஏறாத உங்கள் டிசைனும் அந்தக் கணினியில்தான் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்படி பதிவு கேட்க டிசைன் புதியதாக இருக்க வேண்டும். முன்பே வெளியே கசிந்துவிட்டால் உரிமை கோருவது சிக்கலாகிவிடும். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

கருவியே பழுது என்றால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. ‘லினக்ஸில் இயங்கும்’ என்று விளம்பரத்தில் சொல்லி விற்ற டேப்லெட் லினக்ஸில் இயங்கவில்லை என்றால், திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ இணைய விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் வாங்கும் நாளிலேயே விளம்பரப் பக்கத்தைப் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வையுங்கள். ‘தொழிலுக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோர் இல்லை’ என்று சொன்னால் தளர வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது.

பேசித் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், இணையம் வழியாகவும் கொடுக்கலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.