கார் இன்சூரன்ஸ் காலாவதியானால் நிலத்துக்கும் ஆபத்து

சம்பா அறுவடை வந்துவிட்டால் தஞ்சை மாவட்டச் சாலைகளின் ஓரமெல்லாம் நெல் காயும். கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் வரிசைகட்டும். அறுவடை இயந்திரம் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு போகும். இந்த நெரிசலில் காரை எடுக்கும் முன், ஆர்.சி. புக்கோடு கிடக்கும் இன்சூரன்ஸ் பேப்பரில் தேதியைப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் பொதுச்சாலையில் வண்டி ஓட்டக் கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு. மீறினால் முதல்முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை அபராதம் 4,000 ரூபாய்.

விபத்து நடந்தால்?

நடவு முடித்துச் சாலையோரம் வீடு திரும்பும் ஒரு பெண் மீது கார் மோதி, அவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் குடும்பத்தார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவார்கள். வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்து இழப்பீடு கணக்கிடப்படும். அது பல லட்சம் ஆகலாம். பாலிசி நடப்பில் இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும். இல்லாவிட்டால் உரிமையாளர் தலையில் விழும். அவர் கட்டத் தவறினால், தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்று அனுப்பி, நிலவரி பாக்கியைப் போலவே அதை வசூலிக்க 174-வது பிரிவு வழிசெய்கிறது. அவரிடம் சொத்தே இல்லையென்றால், தாயை இழந்த பிள்ளைகளுக்குத் தீர்ப்பு மட்டுமே மிஞ்சும்.

எப்படிக் காட்டுவது?

அசல் பேப்பர் போதும். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் உள்ள ஆவணத்தையும் அசலுக்கு இணையாக ஏற்க வேண்டும் என்று மத்திய அரசு 2018-ல் அறிவுறுத்தியது. வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவுக்கு அந்த மதிப்பு இல்லை. சிக்னல் கிடைக்காத ஊர்களுக்குப் போகிறவர்கள் ஒரு நகலையும் வண்டியில் வைத்துக்கொள்வது நல்லது.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

பழைய கார் வாங்கியவர்கள், பெயர் மாறிய 14 நாட்களுக்குள் பாலிசியையும் தங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். கோவை மருத்துவர் எஸ். ராஜசீகரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த உத்தரவால், 2018 செப்டம்பர் முதல் புதுக் கார்களுக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே வருகிறது. மூன்று ஆண்டுகள் கவலையில்லை என்று இருந்து, நாலாம் ஆண்டு மறந்துவிடுகிறவர்கள் உண்டு.

முடிவுத் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து, ஒரு வாரம் முன்பே புதுப்பித்துவிடுங்கள்.