இருமுறை எரிந்த எழுத்து

புது தில்லி: ஹிந்தி எழுத்தாளர் முன்ஷி பிரேம்சந்தின் பிறந்த நாள் ஜூலை 31. 2004-ஆம் ஆண்டில் அதே நாளில், தில்லி ஜந்தர் மந்தரில் அவரது "ரங்கபூமி" நாவலின் பிரதிகள் எரிக்கப்பட்டன. எரித்தவர்கள் பாரதிய தலித் சாகித்ய அகாதெமியினர். எவருக்காகப் பரிந்து அந்த நாவல் எழுதப்பட்டதோ, அவர்கள் தரப்பிலிருந்தே எதிர்ப்பு எழுந்ததுதான் இதில் கவனிக்கத்தக்கது.

முதல் தீ: பிரேம்சந்தின் எழுத்து தீக்கிரையானது அது முதல் முறையன்று. தனபத் ராய் என்ற இயற்பெயர் கொண்ட அவர், நவாப் ராய் என்ற பெயரில் உருதுவில் எழுதிய தேசபக்திக் கதைகள் "சோஸ்-ஏ-வதன்" என்ற தொகுப்பாக 1908-இல் வெளிவந்தன. அப்போது அவர் கல்வித் துறையில் அரசு ஊழியர். ஹமீர்பூர் மாவட்ட ஆட்சியர் அவரை அழைத்து, இக்கதைகள் ராஜதுரோகம் என்று கண்டித்தார். எஞ்சியிருந்த சுமார் 700 பிரதிகள் பறிமுதல் செய்யப்பட்டு எரிக்கப்பட்டன. 1910-இல் அவர் "பிரேம்சந்த்" என்ற புதிய பெயரை ஏற்றார்.

நிலத்துக்கான போர்: 1925-இல் வெளியான "ரங்கபூமி"யின் நாயகன் சூர்தாஸ், பார்வையற்ற தலித் யாசகர். காசியை அடுத்த பாண்டேபூரில் ஊர் மாடுகள் மேயும் அவரது பூர்விக நிலத்தில் சிகரெட் ஆலை அமைக்க விரும்புகிறார் தொழிலதிபர் ஜான் சேவக். விற்க மறுத்து அறவழியில் போராடும் சூர்தாஸ், இறுதியில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகிறார். ஆலையோ எழுந்துவிடுகிறது. ஆலைக்காக நிலம் இழப்போரின் துயரை இவ்வளவு விரிவாகப் பேசிய நாவல்கள் அன்று அரிது.

எதிர்ப்பு ஏன்?: நாயகனின் சாதிப் பெயர் நாவலில் திரும்பத் திரும்ப வருவது இழிவுபடுத்துவதாகும்; அதைப் பள்ளிப் பாடமாக்கினால் வகுப்பறையில் தலித் மாணவர்கள் புண்படுவர் என்பது எரித்தவர்களின் வாதம். சாதிக் கொடுமையைச் சாடவே பிரேம்சந்த் அவ்வாறு எழுதினார் என்பது மறுதரப்பின் பதில்.

நூலை எரிப்பது விவாதத்துக்கு விடையாகாது. எனினும், பிறருக்காகப் பேசும் எழுத்து, அந்தப் பிறர் தாமே படிக்கும் நாளில் அவர்களது கேள்விக்கும் உள்ளாக வேண்டியிருக்கிறது. ஓம்பிரகாஷ் வால்மீகியின் "ஜூட்டன்" தன்வரலாறு 1997-இல் வெளிவந்தபோது, தலித் வாழ்வை வாழ்ந்தவரே ஹிந்தியில் எழுதத் தொடங்கியிருந்தார். பிரேம்சந்த் பேசிய நியாயம் அதனால் பொய்த்துவிடவில்லை. அதை இனிச் சூர்தாஸ்களே சொல்வார்கள்.