ஃபோல்டர் மாறினா செட்டிங்கும் மாறணும்: டைரென்வ்

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, ஆவடியில வீட்டு மாடியில உட்கார்ந்து, டெஸ்ட் டேட்டாவை அழிக்கிற ஸ்க்ரிப்டை ஓட்டினேன். அழிஞ்சது கிளையண்ட்டோட நிஜ டேட்டா. காலையில வேற வேலைக்காக அதே டெர்மினல்ல எக்ஸ்போர்ட் பண்ணின டேட்டாபேஸ் முகவரி அப்படியே இருந்திருக்கு. பேக்கப் இருந்ததால தப்பிச்சேன்.

என்விரான்மென்ட் வேரியபிள் ஃபோல்டரோடது இல்ல, ஷெல்லோடது. 'சிடி' அடிச்சு வேற ப்ராஜெக்ட்டுக்குப் போனாலும் பழைய மதிப்பு கூடவே வரும்.

இதுக்குத்தான் டைரென்வ்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் டூல். இன்ஸ்டால் பண்ணிட்டு, 'பாஷ்ஆர்சி' ஃபைல்ல அதோட ஹுக் வரியைச் சேருங்க. அப்புறம் ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல, புள்ளியில ஆரம்பிக்கிற 'என்விஆர்சி' ஃபைல் ஒண்ணு. அந்த ப்ராஜெக்ட்டுக்கான எக்ஸ்போர்ட் வரிகள் அதுக்குள்ள. ஒவ்வொரு பிராம்ப்ட்டுக்கு முன்னாடியும் ஹுக் பார்க்கும்: ஃபோல்டருக்குள்ள வந்தா ஏத்தும், வெளியே போனா பழைய நிலைக்குத் திருப்பும்.

ஆனா புது ஃபைலை அது தானா ஓட்டாது. நீங்க 'டைரென்வ் அலவ்' அடிக்கணும். ஃபைல்ல ஒரு எழுத்து மாறினாலும் திரும்ப அடிக்கணும். தொல்லையா தெரியும். ஆனா நெட்ல இருந்து இறக்கின யாரோ ஒருத்தரோட ப்ராஜெக்ட், நம்ம மெஷின்ல எதையாவது ஓட்டிடாம தடுக்கிறது இதுதான். அதனால படிச்சுப் பார்த்துட்டு அலவ் பண்ணுங்க. பாஸ்வேர்டு இருந்தா, அந்த ஃபைலை 'கிட்இக்னோர்'லயும் சேர்த்துடுங்க.

அன்னிக்கு என் டெஸ்ட் ஃபோல்டர்ல இந்த ஃபைல் இருந்திருந்தா, காலையில போட்ட முகவரிக்கு மேல டெஸ்ட் முகவரி ஏறியிருக்கும். எனக்கும் அந்த ராத்திரி தூக்கம் வந்திருக்கும்.