லினஸ் கட்சி மாறிய கதை

(தொடர் – 17)

போன வாரம் புரோகிராமிங் மொழியைத் தேர்ந்தெடுத்தாயிற்று. இனி திரை. பொத்தான், மெனு, ஜன்னல் என்று எல்லாவற்றையும் யாரும் சொந்தமாக வரைந்துகொண்டிருப்பதில்லை; அதற்கென்றே இருக்கும் டூல்கிட் ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். லினக்ஸ்காரர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் ஜிடிகேயா, க்யூட்டியா என்ற பட்டிமன்றத்தில்தான் போய் முடியும்.

பட்டிமன்றத்தை விட்டுவிட்டு ஒரு வழக்கைப் பார்ப்போம். 2011-ல் கெர்னல் வேலை தடைப்பட்டுக் கொஞ்ச நாள் சும்மா இருக்க நேர்ந்தபோது, லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் ‘சப்சர்ஃபேஸ்’ என்ற மென்பொருளை எழுத ஆரம்பித்தார். மனிதருக்கு ஸ்கூபா டைவிங் என்றால் பைத்தியம். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், சிலிண்டரில் எவ்வளவு அழுத்தம் என்பதை டைவ் கம்ப்யூட்டரிலிருந்து இறக்கி, கோட்டுப் படமாகக் காட்டும் புரோகிராம் அது. எழுதியது அவருக்குப் பிடித்த சி மொழியில். அதற்குத் தோதாக ஜிடிகே. ஜிம்ப் என்ற பட மென்பொருளுக்காக 1990-களில் பிறந்து, பிறகு க்னோம் டெஸ்க்டாப்பின் அஸ்திவாரமானது ஜிடிகே.

அதே சப்சர்ஃபேஸ் 2013-ல் க்யூட்டிக்கு மாறி, டிசம்பரில் 4.0 ஆக வந்தது. சி++ என்றாலே முகம் சுளிப்பவர் லினஸ். க்யூட்டியோ முழுக்க முழுக்க சி++! சப்சர்ஃபேஸைப் பராமரித்துவந்த டிர்க் ஹோண்டல் 2014 ஜனவரியில் பெர்த் நகரில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் காரணங்களை விளக்கினார். ஜிடிகேயின் கவனமெல்லாம் க்னோம் மீது. விண்டோஸ், மேக் பயனர்களுக்கு அது சுமாராகத்தான் ஓடியது. ஆவணங்களும் போதவில்லை. சந்தேகம் கேட்டால் க்யூட்டி ஆட்கள் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். இந்தக் கடைசிக் காரணத்துக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

மாறிய பிறகும் டைவ் கணக்குப் போடும் பகுதி சி மொழியிலேயே இருந்தது. மாற்ற வேண்டியிருந்தது மேல்தோலை. இப்படிப்பட்ட மாற்றம் எவ்வளவு காலம் இழுக்கும் என்பதற்கு ஜிம்ப்பே சாட்சி. ஜிடிகே 3 வெளியானது 2011-ல். அதற்கு மாறிய ஜிம்ப் 3.0 வந்ததோ 2025-ல். அதற்குள் ஜிடிகே 4 வந்தே நாலு வருஷம் தாண்டியிருந்தது. பெற்ற பிள்ளையின் வேகத்துக்குத் தாயால் ஈடுகொடுக்க முடியவில்லை.

க்யூட்டியின் லைசென்ஸ் பற்றிய பயமும் சண்டையும் பழைய கதை. அந்தச் சண்டையில்தான் 1997-ல் க்னோமே பிறந்தது. 2009-ல் க்யூட்டி எல்ஜிபிஎல் உரிமத்துக்கு வந்ததும் பயம் தணிந்தது. ஆனாலும் அதன் சில கூடுதல் பகுதிகள் ஜிபிஎல்லில்தான் கிடைக்கின்றன. விலைக்கு விற்கும் மென்பொருள் எழுதுபவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வலைப்பக்கம் போலவே திரையை எழுதவிடும் எலெக்ட்ரான்? அதில் செய்த ஒவ்வொரு செயலியும் தனக்கென்று ஒரு குரோமியம் உலாவியைச் சுமந்து வரும். ரேம் தாராளமாக இருந்தால் சரி. க்னோமுக்கு மட்டும் எழுதுகிறீர்கள் என்றால் ஜிடிகே 4-ஐ யோசிக்காமல் எடுங்கள், அழகாக இருக்கும்.

நமக்கென்று ஒரு சோதனை உண்டு. ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் ககரம். இதைச் சரியாக அடுக்கித் தருவது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். ஜிடிகே, க்யூட்டி, குரோமியம் மூன்றும் அதைப் பயன்படுத்துகின்றன. டியர் இம்ஜியுஐ போன்ற சின்ன டூல்கிட்டில் அந்த வேலை இயல்பாக நடக்காது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எனவே எதையும் முடிவு செய்யும் முன் ஒரே ஒரு உரைப்பெட்டி வைத்த ஜன்னல் செய்து, தமிழ்99-ல் ‘கொடுக்கிறோம்’ என்று தட்டுங்கள். பிறகு பேக்ஸ்பேஸை அழுத்தி, எது அழிகிறது என்று பாருங்கள்.

(தொடரும்)