கண்டி யாத்திரையும் தேகாப்பியாசமும்

நியமம் குலையுமிடம்

சென்னையில் விடியற்காலை தவறாமல் நடந்தும் தண்டால் எடுத்தும் சரீரத்தைப் பேணி வருகிறவர்கள்கூட, கடல் கடந்து பிரயாணம் புறப்பட்டவுடன் அந்த நியமத்தை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போகிறார்கள். கேட்டால், நேர மாற்றத்தினால் தூக்கம் கெட்டது என்பார்கள். இலங்கைக்குப் போகிறவருக்கு அந்தச் சாக்கும் இல்லை. அங்கும் இங்கும் கடிகாரம் ஒன்றே. கொழும்பிலிருந்து கண்டிவரையுள்ள சுமார் 115 கிலோமீட்டர் தூரமும் வேனில் உட்கார்ந்தபடியே வந்து, விடுதியில் இடியாப்பத்தையும் சொதியையும் மூன்றாம் முறை கேட்டு வாங்கிக்கொள்வதுதான் மெய்யான காரணமென்பதை என் அநுபவத்தைக் கொண்டே சொல்லுகிறேன்.

வாவிக் கரை

கண்டியில் தேகாப்பியாச சாலையைத் தேடி அலைய வேண்டியதில்லை. கண்டியின் கடைசி அரசராகி, பின்னர் சிறைப்பட்டு நம் வேலூரில் உயிர்நீத்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் 1807-இல் அமைத்த வாவியை, மேகம் போல் வளைந்து வளைந்து செல்லும் கைப்பிடிச் சுவருள்ள கரை வழியே ஒரு முறை சுற்றினால் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேலாகிறது. வாகனப் புகை எழுமுன் சுறுசுறுப்பாக நடப்பவருக்குச் சுமார் 40 நிமிஷம். வாரத்துக்கு 150 நிமிஷமேனும் மிதமான உழைப்பு வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும் கணக்கு, நான்கு காலைகளிலேயே தீர்ந்துவிடும்.

ஏற்றமும் இறக்கமும்

பஹிரவகந்தைக் குன்றின்மேல் வீற்றிருக்கும் வெண்ணிறப் புத்தரைத் தரிசிக்க முதல் நாளே ஏறினேன். மூச்சு வாங்கியதே தவிர வேறு உபத்திரவமில்லை. இறங்கும்போதோ, பள்ளிப் பிள்ளையைப் போல் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தேன். தண்டனை மறுநாள் மாலையில் தொடங்கி, அதற்கடுத்த நாள் ரயிலடியில் இறங்குகையில் கம்பியை இரு கையாலும் பற்றிக்கொள்ளும்படி முற்றிற்று.

ஏறுகையில் தொடைத் தசை சுருங்கி உழைக்கிறது. இறங்குகையிலோ நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தடுத்துப் பிடிக்க வேண்டியிருப்பதால், சமவெளியிலேயே நடந்து பழகியவரின் தசை நார்களில் நுண்ணிய சேதம் உண்டாகி, வலி ஓரிரு நாள் தாமதித்தே மூளுகிறது. ஆதலின் சிறு மேட்டில் ஆரம்பித்து, முழங்காலைச் சற்றே மடக்கி, குறுகிய அடி வைத்து இறங்குவது விவேகம். ஒரு முறை வலித்துத் தேறிய தசைக்கு அதே இறக்கம் அடுத்த முறை அவ்வளவு கொடுமை செய்வதில்லை. தசை வலி அஞ்சத்தக்கதன்று. ஆனால் மூட்டு வீங்கினாலோ ஏற்றத்தில் நெஞ்சை அடைத்தாலோ உடனே நின்று வைத்தியரை நாட வேண்டும். வலி ஆறும் நாட்களில் பேராதனைத் தாவரத் தோட்டத்தின் பனைக்குல மரச் சாலைகளில் மெல்ல உலாவலாம். 147 ஏக்கர், கால் ஓயுமேயன்றி இடம் ஓயாது.

மழை நாளில்

உடவத்தகெலே வனம் புத்தரின் பல் வைத்துள்ள தலதா மாளிகைக்குப் பின்புறமே இருந்தாலும், மழை பெய்தால் அட்டை ராஜ்யம். ஊரார் கணுக்காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போவார்கள். அவ்வளவு தைரியமில்லாதவருக்கு விடுதி அறை போதும். வாரத்தில் இரு நாளேனும் தசைகளுக்குப் பலமூட்டும் பயிற்சி வேண்டுமென்பதும் அதே உலக சுகாதார ஸ்தாபனத்தின் சொல்லே. சுவரில் கையூன்றித் தண்டால் எடுக்கலாம்; தொடைக்கு இருக்கவே இருக்கிறது தோப்புக்கரணம். கண்டியிலுள்ள கட்டுக்கலைப் பிள்ளையார் சந்நிதியில் அதைப் போட்டால், பார்க்கிறவர்களும் பக்தியென்றே எண்ணிக்கொள்வார்கள்.